கைப்பக்குவமும் கணக்கேடும்

திருக்கோவிலூரில் தமிழ் கற்பிப்பவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. பாட்டில் வரும் ஊர் கண்ணெதிரே இருப்பது வசதி. தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர் இதுதான் என்று மாணவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டலாம். சங்கடம் எதுவெனில், அந்தக் காரியின் கையால் மாண்டவன் வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவனான ஓரி எய்த ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியாகப் புற்றில் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டை, அவனைக் கொன்றவனின் ஊரில் நின்றுகொண்டு நாம் வியந்து விளக்கவேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வியந்துகொண்டிருந்த ஒரு நாளில், கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, ஓரி அடுத்த அம்பு விட்டாரா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தாரு ஐயா. மொத வெடி யாருக்கு வேணும்னாலும் பட்டுடும். ரெண்டாவது வெடி எங்க போகும்னு அவருக்கே தெரியாது. மருந்த ஒவ்வொரு வாட்டியும் கையாலதான அள்ளிப் போடறாரு" என்றார்.

அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்துப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் புகழ்ந்து வந்த ஒரு சொல்லை அது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. அந்தச் சொல் 'கைப்பக்குவம்'.

மலையின் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். அதில் தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக்குண்டையோ பால்ரஸையோ இட்டு, மறுபடியும் நாரை வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். பின்புறத்துக் காம்பில் ஒரு கேப்பைச் செருகினால் துப்பாக்கி தயார். தினையையும் மரவள்ளியையும் பன்றியிடமிருந்து காப்பாற்றவே இது வேண்டும் என்பது மலைமக்களின் வாதம். அவர்களுள் உரிமம் பெற்றவர்கள் உண்டு, பெறாதவர்களும் உண்டு. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குற்றமாக்குகிறது. காட்டு விலங்கை வேட்டையாடுவதை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் தடுக்கிறது. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும். ஊர்ப்பெரியவர்கள் வாயிலாகச் சில துப்பாக்கிகள் வந்துசேரும். மறுநாள் நாளிதழில் அவற்றை வரிசையாக அடுக்கிவைத்த படம் வெளிவரும்.

இந்தப் படத்தை இரண்டு விதமாகப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். செய்தியாளருக்கு அது குற்றம். நம்மைப் போன்ற இலக்கியக்காரர்களுக்கோ அது மலையின் தொல்லறிவு, வேட்டுவ மரபின் எச்சம், ஓரியின் வழித்தோன்றல். அந்த மாணவரின் தாத்தா சொன்ன உண்மை இவ்விரண்டிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அள்ளிய மருந்து வேறு, இடித்த அழுத்தம் வேறு, அடைத்த நார் வேறு. ஆகவே ஒவ்வொரு வெடியும் வேறு ஒரு துப்பாக்கியின் வெடிதான். முதல் வெடி பட்டதை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. படாமற்போனதும், பன்றியைக் காயப்படுத்தித் துரத்தியதும், குழல் பிளந்து கையைக் கிழித்ததும் கதையாவதில்லை.

இது நமக்குத் தெளிவானது மலையில் அல்ல. கடல் கடந்த ஒரு வீட்டின் மேசையிலிருந்து. நம் தங்கை மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்குத் தாள் இலக்கைச் சுடும் பழக்கம் ஏற்பட்டது. அவன் வாங்கியது போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். கதவுத் தாழ்ப்பாளைப்போல ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து, முன்தள்ளிப் பூட்டி, ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுகின்ற வகை அது. ஜிம் கார்பெட்டின் கதைகளைப் படித்தவர்களுக்கு, 1907 இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கி இவ்வகையினது என்றால் விளங்கும். கடைத் தோட்டா போதாதென்று, தோட்டாவைத் தானே கெட்டிக்கவும் அவன் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். சொந்தப் பயனுக்காக அப்படிச் செய்ய அந்நாட்டின் மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை மேற்சொன்ன சட்டத்தின் 5 ஆம் பிரிவே தடுக்கிறது என்பதை, ஆர்வக்கோளாறில் யாரும் இறங்கிவிடாதிருக்க, இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடும், கூடு மிஞ்சும். ஆனால் அது வெடிப்பின் அழுத்தத்தில் உப்பியிருக்கும். அதை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டிருந்தால் கழுத்தைச் சீவி, பழைய பிரைமரைத் தள்ளிப் புதியதைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குறித்த ஆழத்தில் குண்டைச் செருகவேண்டும். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். ஒன்று ஏறத்தாழ 65 மில்லிகிராம். பார்லி மணியிலிருந்து பிறந்த அந்த எடையை அவன் கிரெயினில் பத்திலொரு பங்குவரை நிறுக்கிறான். நம் பொற்கொல்லர்களின் நெல்லெடையும் குன்றிமணியும் நினைவுக்கு வரவில்லையா?

தொடக்கக்காரன் செய்யும் தவறுகளில் ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. அது உயிரை வாங்கும் தவறு. அவனுடைய .308 வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நாம் மூச்சுவிடும் வளிமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவும் கன்னத்திலிருந்து சாண் தொலைவில் நிகழ்கிறது. ஆகவே அச்சிட்ட கையேட்டில் அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் கொடுத்துள்ள கீழெல்லையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கூட்டைச் சோதித்துச் சோதித்தே ஏறவேண்டும். மருந்து இருமடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கி வெடிக்கும். மருந்தே விழாவிட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு பாதிக் குழலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் குழல் பிளக்கும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா, கையில் ஒரே ஒரு வேலை, கைப்பேசி அடுத்த அறையில் என்று அவன் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு நமக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு தவறை முழுமையாகச் செய்தான். ஒரு நாள் படம் ஒன்று அனுப்பினான். நூறு கஜத்தில் சுட்ட தாள், மூன்று துளைகள், மூன்றும் அரை அங்குலத்துக்குள். நூறு கஜத்தில் ஓர் அங்குலம் என்பதே இத்துறையில் மதிப்பான அளவு. "மாமா, சரியான அளவைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்று எழுதியிருந்தான். தாளைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிவிட்டதாகவும் சொன்னான்.

நமக்கு மலை மாணவரின் கேள்விதான் நாவில் வந்தது. "அடுத்த மூன்று எங்கே போயின?" என்று கேட்டோம். "அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு மாமா. நல்லா வந்தது இதுதான்" என்றான்.

மேலும் விசாரித்தபோது நிலைமை தெளிவாயிற்று. அந்த நல்ல தாளுக்கு முன் அவன் மருந்தின் அளவை மாற்றியிருந்தான். குண்டைச் செருகும் ஆழத்தையும் மாற்றியிருந்தான். வேறு நிறுவனத்தின் கூட்டுக்கும் மாறியிருந்தான். மூன்றையும் ஒரே நாளில். துளைகள் நெருங்கியதற்கு எது காரணம்? மூன்றில் ஒன்றா, மூன்றுமா, அல்லது எதுவுமே இல்லையா? அவனால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத வெற்றியைத்தான் அவன் சுவரில் மாட்டியிருந்தான்.

அவனுடைய சங்கத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். அவர் சொன்னது எளிமையானது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாத் தாளையும் வைத்துக்கொள். பத்துக் குண்டு சுடாமல் எதையும் நம்பாதே. பத்து எதற்கு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. எந்தத் துப்பாக்கியிலும் குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறும். மூன்று மட்டும் சுட்டால் அவை நெருங்கி விழுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. சிதறலின் முழு விரிவு வெளிப்படாது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, பத்து முறை சுட்டால் துளைக்கூட்டம் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே விரியும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, இப்போதுதான் உண்மையைப் பேசுகிறது. பலமுறை மூன்று மூன்றாகச் சுட்டு, அவற்றுள் மிகச் சிறியதை மட்டும் எடுத்து வைப்பவன் தன் துப்பாக்கியை அளக்கவில்லை. தன் அதிர்ஷ்டத்தை அளக்கிறான்.

அவன் அப்படியே செய்தான். சுவரில் மாட்டியிருந்த அதே அளவில் பத்துத் தோட்டாக்களைக் கெட்டித்துச் சுட்டான். துளைக்கூட்டம் ஒன்றே கால் அங்குலம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினான். நாள், வெப்பம், கூடு எத்தனையாவது முறை கெட்டிக்கப்பட்டது, மருந்து டப்பாவின் தொகுதி எண், நிறுத்த எடை, குண்டின் ஆழம், தாள் எண் என்று பத்திகள் பிரித்துக் குறிக்கத் தொடங்கினான். ஏழு மாதம் கழித்து அவனுடைய பத்துத் துளைகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்கின. மறுவாரமும் அடங்கின. மூன்றாவது வாரமும் அடங்கின. அவனுக்குக் கிடைத்தது இதுதான். நம் மாணவரின் தாத்தாவுக்குக் கிடைக்காததும் இதுதான். இரண்டாவது வெடி எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும்.

கைப்பக்குவம் என்ற சொல்மீது நமக்கு ஐயம் வந்தது இங்கேதான். பாட்டியின் குழம்பில், குயவரின் விரலில், நாதசுவரக்காரரின் மூச்சில் அந்தச் சொல் பொருந்துகிறது. அங்கெல்லாம் தவறினால் ஒரு வேளைச் சுவை கெடும், ஒரு பானை கோணும், மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். மேலும் அங்கே விளைவு உடனுக்குடன் நாக்கிலும் விரலிலும் காதிலும் தெரிந்துவிடுகிறது, கை திருத்திக்கொள்கிறது. மருந்து கெட்டிப்பதில் அப்படியில்லை. தவறு குழலுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளிப்படும்போது திருத்திக்கொள்ளக் கை இல்லாமற்போகலாம். விளைவைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாத இடத்தில் 'எனக்குக் கையே தராசு' என்பவரை நாம் மரபின் பிரதிநிதி என்று கொண்டாடக்கூடாது. அவருக்கு ஒரு தராசு வாங்கிக் கொடுக்கவேண்டும். அல்லது அந்த வேலையிலிருந்து அவரை விடுவிக்கவேண்டும். மலையில் பயிரிழப்புக்கு உரிய நேரத்தில் இழப்பீடு கிடைத்தால், காவல்துறை அறிவிக்காமலே பல துப்பாக்கிகள் கீழிறங்கும் என்பது நம் கருத்து.

நிறுப்பதும் குறிப்பதும் மேலைநாட்டு வழக்கம், நமது வழக்கம் உள்ளுணர்வு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோயில் கல்வெட்டுகளின் முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். தஞ்சைப் பெரியகோயிலுக்கு இராசராசன் கொடுத்த நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று படிப்படியாக இறங்கிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. சோழநாட்டில் ஒரு நுந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாள்தோறும் உழக்கு நெய் என்று கணக்கிட்டுக் கல்லில் வெட்டியவர்கள் நம்மவர்கள். 'கொஞ்சம் நெய்' என்று அவர்கள் எழுதவில்லை. பக்தி பெருகியதால் அளவு தேவையில்லை என்று கருதவும் இல்லை. தென்னாட்டின் மறதி அளவுகோல் இல்லாமையால் வந்ததல்ல. இருந்த அளவுகோலை விட்டுவிட்டுப் புராணத்தைப் பிடித்துக்கொண்டதால் வந்தது. புகையில்லா மருந்தான கார்டைட்டைச் செய்யும் தொழிற்சாலையே 1903 இல் நம் நீலகிரியின் அருவங்காட்டில் தொடங்கப்பட்டது என்பதையும் நினைவிற்கொள்ளலாம். அங்கே நூறாண்டுகளுக்கு மேலாக மருந்தை நிறுத்தவர்களும் இந்த மண்ணின் மக்கள்தாம்.

இன்றைய துப்பாக்கி விளையாட்டும் இதையே சொல்கிறது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் அரை மில்லிமீட்டர். சுடும் குண்டின் விட்டமோ நாலரை மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் அறுபது குண்டு. இங்கே குண்டை யாரும் வீட்டில் செய்வதில்லை. ஆனால் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் குண்டிலும் தொகுதிக்குத் தொகுதி நுண்ணிய வேறுபாடு இருக்கும் என்பதால், குழலை அசையாமல் பிணைத்து வைத்து, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு ஒத்ததைத் தேர்ந்துகொள்வது முன்னணி வீரர்களின் வழக்கம். 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், நம் பெண்ணையாறு கடலில் கலக்கும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்குகளில் நின்றதும் இந்த ஆட்டத்தில்தான். குறிவைத்த இலக்கின் பெருமையைக் கொண்டு வீரத்தை அளப்பது நம் பாட்டு மரபு. யானை பெரிது, புலி பெரிது. இந்த ஆட்டமோ அறுபதாவது குண்டு முதல் குண்டைப்போலவே போனதா என்று மட்டும் கேட்கிறது.

இதை இலக்கிய வாசகர்களிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு. நாமும் நல்ல தாளை மட்டும் சுவரில் மாட்டுகிறவர்கள். ஒரு கவிஞரின் சிறந்த மூன்று கவிதைகளைக் கொண்டு அவரை அளக்கிறோம். ஒரு காலத்தின் சிறந்த பத்துப் பாட்டைக் கொண்டு அந்தக் காலத்தையே பொற்காலமென்கிறோம். வகுப்பில் ஒரு மாணவர் ஒருமுறை சரியாகச் சொன்ன விடையைக் கொண்டு நம் கற்பித்தலை மெச்சிக்கொள்கிறோம். ஒரே கட்டுரையில் மூன்று கோட்பாடுகளைப் புகுத்தி, எதனால் முடிவு கிடைத்தது என்று தெரியாமலே ஆய்வேடு சமர்ப்பிக்கிறோம். குப்பைக்குப் போன தாள்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். 1894 இல் புறநானூற்றை முதன்முதலாக அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, தமக்குச் சரியெனப் பட்ட பாடத்தை மேலே வைத்துவிட்டு மற்றவற்றை எறிந்துவிடவில்லை. பிரதிபேதங்களையும் குறித்து வைத்தார். தாம் தேர்ந்தது தவறானால் பின்வருபவர் திருத்திக்கொள்ள அது வழி. ஓரியின் பாட்டை நாம் இன்று நம்பிப் படிப்பது அப்படிப்பட்ட கணக்கேட்டின் வலுவால்தான். ஐயருக்குக் கைப்பக்குவம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி அவர் பதிப்பிக்கவில்லை.

வன்பரணரைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. ஒற்றை அம்பைப் பாடுவது பாட்டின் உரிமை. அந்த மிகைதான் பாட்டின் உயிர். மிகையை மிகையென்று அறிந்து சுவைக்கவும், அதையே அளவுகோலாகக் கொள்ளாதிருக்கவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. அதை நாம் நெடுநாள் செய்யவில்லை.

அந்த மாணவர் இப்போது மலையிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். தாத்தா காலமாகும் முன்பே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டாராம். தங்கை மகன் அரை அங்குலத் தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றே கால் அங்குலத் தாளை அந்தச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறான். அதன் படத்தையும் அனுப்பினான். நாமும் ஒன்று செய்கிறோம். ஓரியின் பாட்டை நடத்தி முடித்ததும் அந்த மாணவரின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவைக்கிறோம். விடை பாட்டில் இல்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை அதை அழிப்பதில்லை.